கரும்பு கோணினால் கசக்குமா?

கறிகாய்க் கடைக்குப் போகும் நம் சகோதரிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெண் பார்க்க வந்த பிள்ளை வீட்டார் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்! வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார் ஒருவர். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார் இன்னொருவர். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறார் மற்றொருவர். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி, எங்கேயாவது ஊசிமுனையளவு துளை இருக்கிறதா என்று தேடும் அம்மாளின் முன்னால் பெயர் பெற்ற துப்பறியும் நிபுணர்களும் தலைகுனிய வேண்டியதுதான்.

இதில் தவறு ஒன்றுமே இல்லை. 'சடக்'கென்று ஒடியும் வெண்டைக்காய் பிஞ்சு. முற்றியதானால் வளையுமே தவிர ஒடியாது. துளையுள்ள கத்தரிக்காயில் புழு குடித்தனம் நடத்திக் கொண்டிருக்கும். கையாலும் காதாலும் மூக்காலும் நம் பாட்டிமார் நடத்திய இந்தப் பரீட்சைகள் எல்லாம் காயின் குணத்தைச் சோதித்தவை.

ஆனால், நாளாவட்டத்தில் இன்னொரு பரீட்சையும் நம்மை அறியாமல் வந்து சேர்ந்துவிட்டது. அது முகப் பரீட்சை. தக்காளியின் முதுகில் ஒரு மடிப்பு இருந்தால் வேண்டாம். வெள்ளரிக்காய் வளைந்திருந்தால் வேண்டாம். ஆரஞ்சின் தோலில் ஒரு வடு தெரிந்தால் வேண்டாம்.

"என்னப்பா, காரட்டுக்கு ரெண்டு கால் முளைச்சிருக்கு?"

"சாம்பார்லே போட்டா எங்கேயும் ஓடிப் போயிடாதும்மா!"

கடைக்காரர் என்னதான் வேடிக்கையாகப் பேசினாலும், அந்தக் காரட் கூடையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. மாலையில் அதன் கதி என்ன என்பதை நாம் கேட்பதில்லை.

அந்தக் காரட்டாவது கடை வரையில் வந்தது. மேல் நாடுகளில் பெரிய கடைகளின் அளவுக்கும் நிறத்துக்கும் ஒத்து வராத எத்தனையோ காய்களும் பழங்களும் தோட்டத்தை விட்டே கிளம்புவதில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொஞ்சம் போகும். சாறு பிழியும் ஆலைக்குக் கொஞ்சம் போகும். மீதி மண்ணோடு மண்ணாக உழப்படும். உலகத்தில் மனிதர்களுக்காக விளைவிக்கும் உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்குச் சுமார் 130 கோடி டன், வாய்க்குப் போய்ச் சேராமல் வீணாகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் 2011-ல் கணக்குச் சொன்னது. அவ்வளவுக்கும் காரணம் கோணல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் கோணலுக்கும் ஒரு வரி உண்டு.

வெள்ளரிக்காய்க்கு ஒரு சட்டம்

வெள்ளரிக்காய் எவ்வளவு வளையலாம் என்று சர்க்கார் சட்டம் போட முடியுமா? ஐரோப்பாவில் போட்டார்கள்! 1988-ல் வந்த விதி அது. முதல் தரமான வெள்ளரிக்காய் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வளையக் கூடாது. அதற்கு மேல் வளைந்தால் தரம் இறங்கிவிடும்.

சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் சட்டம் செய்தவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஸ்பெயின் தேசத்து வெள்ளரிக்காயை ஜெர்மனியில் உட்கார்ந்து கொண்டு, கண்ணால் பார்க்காமலே வாங்குகிறார் ஒரு வியாபாரி. பெட்டிக்குள் எத்தனை காய், எந்தத் தரம் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? நேரான காயைப் பெட்டியில் அடுக்குவதும் எண்ணுவதும் எளிது. வியாபாரத்தின் சௌகரியத்துக்காகப் பிறந்த விதி, காலக்கிரமத்தில் 'அழகு இருந்தால்தான் காய்' என்ற நினைப்பையும் கூடவே வளர்த்துவிட்டது.

உணவுப் பண்டங்களின் விலை ஏறி, ஜனங்கள் தவித்த 2008-ஆம் வருஷத்தில் அந்த விதிகளைத் தளர்த்துவதென்று முடிவாயிற்று. 2009 ஜூலை முதல் தேதியிலிருந்து, வெள்ளரிக்காய், காரட் முதலிய 26 வகைக் காய்கனிகளுக்கு இருந்த தனித்தனியான அளவு விதிகள் நீங்கின. ஆப்பிள், தக்காளி, பேரிக்காய், திராட்சை உள்ளிட்ட 10 வகைகளுக்கு மட்டும் அவை நீடித்தன.

சட்டம் போயிற்று, கோணல் காய்க்கு விடுதலை வந்துவிட்டது என்று நினைத்தால், அதுதான் இல்லை. பெரிய கடைகள் தங்களுக்கென்று சொந்த அளவுகோல் வைத்திருந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை. கேட்டால், "எங்கள் வாடிக்கைக்காரர்கள் அழகான காயைத்தான் எடுக்கிறார்கள்" என்பது பதில். ஆக, கடைசியில் சட்டம் இருந்த இடம் நம்முடைய கண்தான்!

கோணல் எப்படி வருகிறது?

கோணலில் ஏதோ வியாதி இருக்கும் என்று நம்மில் பலருக்கு உள்ளூரச் சந்தேகம். விவசாயியைக் கேட்டால் காரணம் சொல்வார்.

காரட் என்பது வேர். அது பூமிக்குள் இறங்கும்போது கல்லோ கெட்டி மண்கட்டியோ குறுக்கிட்டால், இரண்டாகப் பிரிந்து இறங்குகிறது. அதுதான் நாம் கேலி செய்யும் இரண்டு கால். வெள்ளரிப் பூவில் மகரந்தம் சரியாகச் சேராமல் போனாலும், காய் பருக்கும்போது தண்ணீர் போதாமல் போனாலும், ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் சிறுத்து வளைந்து கொள்கிறது. பூக்கும் சமயத்தில் குளிர் அதிகமானால் தக்காளியின் அடியில் தழும்பும் மடிப்பும் விழுகின்றன. காய்ந்து கிடந்த நிலத்தில் திடீரென்று தண்ணீர் பாய்ந்தால் உருளைக்கிழங்கின் மேல் குமிழ் குமிழாக முளைக்கிறது. காற்றில் கிளை உராய்ந்தால் ஆரஞ்சின் தோலில் வடு ஏற்படுகிறது.

இவையெல்லாம் அந்தக் காய் பட்ட கஷ்டத்தின் அடையாளங்கள். உள்ளே இருக்கும் ருசிக்கும் சத்துக்கும் இதனால் குறைவு வருவதில்லை. நேராக விளைந்த காய்க்கு ஊற்றிய அதே தண்ணீரைத்தான் விவசாயி இதற்கும் ஊற்றினார். அதே எருவைத்தான் போட்டார். களை எடுத்த கூலியும் அதேதான். பணம் மட்டும் ஒன்றுக்கு வருகிறது, மற்றொன்றுக்கு வருவதில்லை.

லிஸ்பன் நகரத்துக் கூடை

போர்ச்சுகல் தேசத்தில் இஸபெல் ஸோரஸ் என்ற பெண்மணிக்கு இந்த அநியாயம் மனத்தை உறுத்தியது. அவர் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவர். பெரிய முதல் கையில் இல்லை. நல்ல யோசனைகளுக்காக நடந்த ஒரு போட்டியில் தம் திட்டத்தை எழுதி அனுப்பினார். 15,000 யூரோ பரிசு கிடைத்தது. பொது ஜனங்களிடமும் கொஞ்சம் நன்கொடை திரட்டினார். 2013 நவம்பரில், தலைநகரான லிஸ்பனில் ஒரு கூட்டுறவுச் சங்கம் உதயமாயிற்று. அதற்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஃப்ரூட்டா ஃபேயா'. நம் பாஷையில் சொன்னால் 'அவலட்சணப் பழம்'!

ஏற்பாடு மிகவும் எளிமையானது. கடைக்காரர்கள் வேண்டாமென்று தள்ளிய காய்கனிகளைச் சங்கம் விவசாயிகளிடமிருந்து நேரே விலை கொடுத்து வாங்கும். அங்கத்தினர்கள் வாரத்தில் ஒரு நாள், குறித்த இடத்துக்கு வந்து தங்கள் கூடையை எடுத்துக் கொண்டு போவார்கள். மூன்று நான்கு கிலோ பிடிக்கும் சின்னக் கூடை ஆரம்ப நாட்களில் மூன்றரை யூரோ. அதைப் போல் இரண்டு பங்கு பெரிய கூடை ஏழு யூரோ. கூடைக்குள் என்ன இருக்கும் என்பது பருவத்தைப் பொறுத்தது. பொறுக்கி எடுக்கிற பேச்சே இல்லை!

பொறுக்க முடியாத கடைக்குப் பெண்கள் வருவார்களா என்று நம்மூரில் கேட்டிருப்பார்கள். லிஸ்பனில் வந்தார்கள். ஆறே மாதத்தில் அங்கத்தினர் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. இடம் கிடைக்குமா என்று ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். பிறகு போர்ட்டோ முதலிய மற்ற ஊர்களுக்கும் சங்கம் பரவியது. 'அழகான மனிதர்கள் அவலட்சணப் பழம் சாப்பிடுவார்கள்' என்பது அவர்களுடைய கோஷம். வாங்குகிறவரைப் புகழ்ந்து, பழத்தைக் கேலி செய்யும் அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை சாமர்த்தியம், பாருங்கள்!

பிரான்ஸில் சிரித்துக் கொண்டே விற்றார்கள்

லிஸ்பனில் ஒரு பெண்மணி சிறிய அளவில் செய்ததை, 2014-ல் பிரான்ஸ் தேசத்தில் 'இன்டர்மார்ஷே' என்ற பெரிய கடைக் கம்பெனி பெரிய அளவில் செய்து பார்த்தது. கோணல் காய்களை மூலையில் ஒளித்து வைக்காமல், அவற்றுக்கென்று தனி வரிசையே ஒதுக்கினார்கள். சினிமா நட்சத்திரங்களைப் படம் பிடிப்பது போல் அவற்றைப் படம் பிடித்துச் சுவரொட்டி போட்டார்கள். 'கோரமான ஆப்பிள்', 'கேலிக்குரிய உருளைக்கிழங்கு', 'தோற்றுப் போன எலுமிச்சை' என்றெல்லாம் பட்டங்கள் வேறு! விலை மற்றவற்றைவிட 30 சதவிகிதம் குறைவு.

ருசி எப்படியோ என்று தயங்கியவர்களுக்காக, அதே காய்களில் சூப் வைத்தும், அதே பழங்களில் சாறு பிழிந்தும் கடையிலேயே விற்றார்கள். நாக்கு சொன்ன சாட்சியைக் கண்ணால் மறுக்க முடியவில்லை. முதல் இரண்டு நாளில் கடை ஒன்றுக்குச் சராசரி 1.2 டன் சரக்குப் போயிற்றென்றும், கடைக்கு வருகிறவர்கள் கூட்டம் 24 சதவிகிதம் கூடிற்றென்றும் விளம்பரம் செய்தவர்கள் சொன்னார்கள். தம் விளம்பரத்தைப் பற்றித் தாமே சொன்ன கணக்கென்பதால் கொஞ்சம் குறைத்தே வைத்துக் கொள்வோம். அப்படியும் கோணல் காய் விலை போயிற்று என்பது பொய்யல்ல.

மறைத்து விற்றவரும், சொல்லி விற்றவரும்

கோணலை விற்பதில் அமெரிக்கர்கள் இருவருடைய கதைகளும் நாம் கேட்க வேண்டியவை.

முதலாமவர் மைக் யூரோஸெக். கலிபோர்னியாவில் காரட் பயிரிட்டவர். உடைந்ததும் கோணியதுமாக நாளொன்றுக்கு 400 டன் வரை கழிக்க வேண்டியிருந்ததாம். 1986-ல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பீன்ஸ் நறுக்கும் யந்திரத்தில் காரட்டைப் போட்டார். இரண்டு அங்குலத் துண்டுகள் விழுந்தன. தோலைச் சீவி, முனைகளை உருட்டி, பையில் போட்டு ஒரு பெரிய கடைக்கு மாதிரிக்காக அனுப்பினார். மறு நாளே கடையிலிருந்து செய்தி வந்தது: "இனி எங்களுக்கு இதையே அனுப்புங்கள்!" இன்று கடைகளில் பிளாஸ்டிக் பைகளில் விற்கும் குட்டிக் காரட்டைப் பிஞ்சுக் காரட் என்று நினைத்து வாங்குகிறோமே, அவற்றில் பெரும்பாலானவை பெரிய காரட்டை நறுக்கி உருட்டியவைதாம்! இந்தக் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. கழிவைக் காப்பாற்றப் பிறந்த பண்டத்துக்குக் கிராக்கி அதிகமாகிப் போய், பிற்பாடு அதற்கென்றே நீளமும் ஒல்லியுமான காரட் வகைகளைத் தனியாகப் பயிரிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாமவர் ஜேம்ஸ் வெப் யங். விளம்பரத் தொழிலில் பெரும் புள்ளி. நியூ மெக்ஸிகோ மலைப் பிரதேசத்தில் ஆப்பிள் தோட்டமும் வைத்திருந்தார். தபாலில் பணம் அனுப்புகிறவர்களுக்குப் பெட்டியில் ஆப்பிள் அனுப்புவது வழக்கம். ஒரு வருஷம் அறுவடைக்கு முன்னால் ஆலங்கட்டி மழை கொட்டி, பழமெல்லாம் அம்மைத் தழும்பு போல் ஆகிவிட்டது. வேறொருவராயிருந்தால் தலையில் கை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார். யங் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு எழுதி வைத்தார். 'இந்தத் தழும்பு ஆலங்கட்டி பட்டதால் வந்தது. ஆலங்கட்டி பெய்யும் உயரமான மலையில், குளிரில் விளைந்த பழம் என்பதற்கு இதுவே அத்தாட்சி. அந்தக் குளிர்தான் பழத்துக்கு ருசியைக் கொடுக்கிறது' என்பது அதன் சாரம். ஒரு பெட்டி கூடத் திரும்பி வரவில்லை என்று விளம்பரக்காரர்கள் இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்லி மகிழ்கிறார்கள்.

யூரோஸெக் முகத்தை மாற்றி விற்றார். யங் முகத்தின் கதையைச் சொல்லி விற்றார். எது நிலைக்கும் வழி? இதைப் பண்டிதர்கள் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள்.

பெயர் சொன்னால் பயம் போகும்

கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மூவர் 2021-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கோணல் காய்க்கு ஒரு பெயரும் வைக்காமல் விற்பதைவிட, 'அவலட்சணமானது' என்று பளிச்சென்று எழுதி வைத்தால் அதிகம் விற்கிறது என்று கண்டார்கள். 'குறையுள்ளது' என்று நாசூக்காகச் சொன்னால் கூட அவ்வளவு பலன் இல்லை. காரணம் யோசித்தால் புரியும். கோணலைக் கண்டதும், 'ருசியும் கெட்டிருக்குமோ?' என்று மனம் சந்தேகப்படுகிறது. 'அவலட்சணம்' என்று எழுதியிருந்தாலோ, 'ஓகோ, குறை முகத்தில் மட்டுந்தானா?' என்று சந்தேகம் தீர்ந்து விடுகிறது.

இன்னொன்றும் சொன்னார்கள். விலையைக் கொஞ்சம் குறைத்தால் ஜனங்கள் வாங்குகிறார்கள். அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலோ, பழையபடி சந்தேகம் எழுந்து விடுகிறது!

2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி இன்னும் ஆழமாகப் போயிற்று. அழகில்லாத காயைத் தாம் சாப்பிடுவதாக நினைத்துப் பார்க்கும்போதே பலருக்குத் தம்மைப் பற்றிய மதிப்பே கொஞ்சம் இறங்கிவிடுகிறதாம். காயைத் தள்ளும் கை உண்மையில் எதையோ தன்னிடமிருந்து தள்ளுகிறது. அதே ஜனங்களிடம் அவர்களுடைய சுயமதிப்பை உயர்த்தும்படி இரண்டு வார்த்தை சொன்னால், கோணல் காயை எடுக்கத் தயங்குவதில்லை. லிஸ்பன் நகரத்துக் கோஷம் ஏன் பலித்தது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? 'மாநிறம்', 'பல் எடுப்பு' என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லக் கேட்டு மனம் புண்பட்ட சகோதரிகளுக்கு இதைப் பற்றி நாம் அதிகம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாக் குறையும் ஒன்றல்ல

'அப்படியானால் கண்ணை மூடிக் கொண்டு எதையும் வாங்கலாமா?' என்று கேட்பீர்கள். கூடவே கூடாது! உருவத்திலும் தோலிலும் உள்ள குறை வேறு. கெட்டுப் போனது வேறு. கோணல், மடிப்பு, காய்ந்த வடு, சிறிய உருவம் இவற்றால் பாதகமில்லை. பூஞ்சக்காளான் பூத்தது, கொழகொழத்தது, வாடை அடிப்பது இவை ஆகா. உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்திருந்தால் அதை அழகுக் குறையென்று எண்ணிவிடாதீர்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் நச்சுப் பொருள் உண்டாகியிருக்கும். அதை ஒதுக்குவதே சரி. வெடித்த தக்காளியை வாங்கினால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

மற்றொரு விஷயமும் உண்டு. 2022-ல் உலகமெங்கும் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 60 சதவிகிதம் வீடுகளில் வீணானது! மலிவாகக் கிடைத்ததென்று மூன்று கிலோ கோணல் காரட்டை வாங்கி வந்து, ஃபிரிஜ்ஜில் வைத்து மறந்து, அடுத்த வாரம் குப்பையில் போட்டால் நாம் யாரையும் காப்பாற்றவில்லை. தோட்டத்தில் அழுக வேண்டியதை வீட்டில் அழுக வைத்தோம், அவ்வளவுதான்.

நம் வீட்டில்

நம் சமையலுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. அரிவாள்மணைக்கு முன்னால் எல்லாக் காயும் சமம்! கூட்டிலும் சாம்பாரிலும் பொரியலிலும் துவையலிலும் எது நேராக இருந்தது, எது வளைந்திருந்தது என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஒரே அளவாகப் பொறுக்குங்கள். அதில் நியாயம் இருக்கிறது. விருந்தாளிகள் முன் தட்டில் வைக்கும் பழத்தையும் பார்த்து எடுங்கள். கொத்சுக்கும் ரசத்துக்கும் எதற்காக அழகுப் போட்டி?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, முன்போலவே வெண்டைக்காயை ஒடித்துப் பாருங்கள். முருங்கையை முறுக்கிப் பாருங்கள். முகப் பரீட்சையை மட்டும் விட்டுவிட்டு, கூடையின் அடியில் கிடக்கும் இரண்டு கோணல் காயையும் சேர்த்து எடுங்கள். 'கோணலாயிருக்கிறதே, பாதி விலைக்குக் கொடு' என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். ருசி குறையவில்லை என்று தெரிந்து கொண்டே அடித்துப் பேசினால், அந்த நஷ்டம் கடைக்காரரிடமிருந்து நகர்ந்து நகர்ந்து, களை எடுத்து நீர் பாய்ச்சியவர் தலையில்தான் போய் விழும்.

பொங்கலன்று பூஜைக்கு நேரான கரும்பாகத் தேடி எடுத்து வைக்கிறோம். பூஜை முடிந்ததும் குழந்தைகள் எந்தக் கரும்பைக் கடித்து இழுக்கிறார்கள் என்று பாருங்கள். கைக்கு எட்டியது எதுவோ அதைத்தான்! அது கோணலா, நேரா என்று அவர்கள் பார்ப்பதில்லை. தித்திப்பதை மட்டும் பார்க்கிறார்கள்.